அடுத்த வீட்டு அலை

சந்தாபுராவில் நான் குடியிருக்கும் அறைக்கு அடுத்த வீட்டாரின் கம்பியில்லா இணையம் பூட்டின்றிக் கிடந்தது. ஒரு திங்கள் அதனைக் கேளாமலே பயன்படுத்தினேன். 'காற்றில் வருவதுதானே, யாருக்கு என்ன நட்டம்?' என்று எண்ணினேன். அவ்வெண்ணம் பிழை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஊடுருவும், உண்மை. ஆனால் இணைப்பின் வேகம் அளவுடையது. நான் எடுத்தது அவர் பங்கிலிருந்தே குறைந்தது. மேலும், நான் எது செய்தாலும் வெளியுலகு காண்பது அவருடைய இணைய முகவரியையே அன்றோ? 2008 சூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் பூட்டப்படாத இணைப்பு வழியே சென்றது. காவலர் தேடி வந்தது அவர் வீட்டுக்கே! உரிமையாளர் இசைவின்றி வலையமைப்பில் நுழைவதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில், இழப்பீட்டுக்கு உரியதாக்குகிறது.

ஆகவே, கேட்டுப் பெறுக. பெற்றால் அளவோடு பயன்படுத்துக. பூட்டில்லை எனில் உரியவரிடம் சொல்லுக.

"அண்ணா, தவறு செய்துவிட்டேன்" என்று அவரிடம் சென்று சொன்னேன். அவர் சினக்கவில்லை, பூட்டும் வழியைக் கேட்டார். காட்டிக் கொடுத்தேன். அவர் கடவுச்சொல்லைத் தட்டுகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.