காரில் ஒரு தீயணைப்பான்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குச் சென்றுகொண்டிருக்கிறீர்கள். காவிரிப் பாலத்தின் நடுவே, உங்களுக்கு முன்னால் போகும் காரின் பானெட் இடுக்கிலிருந்து கரும்புகை கிளம்புகிறது. கீழே ஆற்றில் நீர் ஓடினாலும் பயனில்லை. பெட்ரோல் நீரைவிட இலேசானது. எரியும் பெட்ரோலின் மீது நீரைக் கொட்டினால் அது நீரின்மேல் மிதந்து, எரிந்தபடியே பரவும். தீயணைப்பு வண்டி நெரிசலைக் கடந்து வரச் சில நிமிடங்களாவது பிடிக்கும். அந்தச் சில நிமிடங்களில் என்ன நேரும் என்பதை ஸ்ரீரங்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜனவரி 23 அன்று அவ்வூர்த் திருமண மண்டபம் ஒன்றின் கீற்றுப் பந்தலில் பற்றிய தீ, ஐம்பது பேருக்கு மேல் பலி கொண்டது.

புகையும் அந்தக் காரில் சிறிய தீயணைப்பான் ஒன்று இருந்தால் என்ன செய்யலாம்? என்ன செய்ய முடியாது?

சிவப்புக் குப்பியினுள் இருப்பது பெரும்பாலும் மானோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் உப்பின் நுண்ணிய தூள். அதனை வெளியே தள்ளுவது அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. எரிதல் என்பது சங்கிலித் தொடராக நடக்கும் வினை. வெப்பத்தால் உடைந்த மூலக்கூற்றுத் துணுக்குகள் அடுத்த மூலக்கூறுகளைத் தாக்கி உடைக்க, அவை மேலும் சிலவற்றை உடைக்கும். தூள் அத்துணுக்குகளைப் பிடித்துக்கொள்வதால் சங்கிலி அறுந்துபோகிறது. ரப்பர், இருக்கைத் துணி போன்றவற்றின்மேல் விழும் தூள் சூட்டில் உருகிப் படலமாகி, காற்றை ஒட்டவிடாமல் தடுக்கிறது.

ஒரு காலத்தில் கார்களில் பித்தளைக் கைப்பம்பு வைத்திருந்தார்கள். அதில் இருந்தது கார்பன் டெட்ரா குளோரைடு. அது தீயை அணைத்தது உண்மை. ஆனால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவையும் தந்தது. முதல் உலகப் போரில் ஆயுதமாகவே பயன்பட்ட வாயு அது! பின்னர் வந்த ஹாலான் எஞ்சினில் கறை கூடப் படியாமல் அணைத்தது. ஆனால் வான்வெளியின் ஓசோன் படலத்தை அரித்தமையால், 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் கைவிடப்பட்டது. தூள் எஞ்சினைப் பாழாக்கும் என்று கார்ப் பிரியர்கள் முணுமுணுப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. நன்கு கழுவாவிட்டால் உலோகத்தை அரிக்கும்தான். எரிந்துபோன எஞ்சினை எதைக் கொண்டு கழுவுவது?

ஒரு கிலோ குப்பி சுமார் பத்து விநாடிகளில் தீர்ந்துவிடும். 1973 ஜூலை 29 அன்று ஹாலந்தின் ஸான்ட்வோர்ட் பந்தயத்தில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. உடன் ஓடிய போட்டியாளர் டேவிட் பர்லி தம் காரை நிறுத்திவிட்டு ஓடினார். தனி ஒருவராகக் காரைப் புரட்டப் பார்த்தார். தீயணைப்பான் ஒன்றை வாங்கி அடித்தார். குப்பி காலியாயிற்று, தீ அணையவில்லை. வில்லியம்சன் மாண்டார். ஆகவே கையில் குப்பி இருந்தாலும், முதலில் எஞ்சினை நிறுத்தி எல்லாரையும் கீழே இறக்கிவிடுங்கள்.

பிறகு பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே பாயும் புதுக் காற்று தீயை உங்கள் முகத்துக்கே கொண்டுவரும். உள்ளிருக்கும் கொக்கியை மட்டும் விடுவித்து, அந்த இடுக்கு வழியே அடியுங்கள். தீ பெரிதாகிவிட்டாலோ, எரிவது மின்சாரக் காரின் லித்தியம் பாட்டரியானாலோ, விலகி நின்று 101ஐ அழைப்பதே சரி. அத்தீயை இந்தச் சிறு குப்பி அணைக்காது.

ஸ்போர்ட்ஸ் காரில் சிக்கல் இன்னும் அதிகம். பலவற்றில் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தீப்பற்றியதை அவர் கடைசியாகத்தான் அறிகிறார். சிலவற்றின் உடல் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து வார்த்தது. இழை எரியாது, பிசின் நன்றாக எரியும். இதனால்தான் பந்தயக் கார்களில் குப்பியிலிருந்து எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் இருக்கைக்கும் குழாய்கள் போட்டு, ஒரே பொத்தானில் இயங்கும்படி அமைக்கிறார்கள்.

சொந்தக் காரில் குப்பியை எங்கே வைப்பது? டிக்கியில், கல்யாணச் சாமான்களுக்கு அடியில் வைத்தால் இல்லாததற்குச் சமம். ஓட்டுபவரின் கைக்கு எட்ட வேண்டும். இருக்கையின் முன்புறத் தரை நல்ல இடம். உலோகப் பட்டையால் இறுக்கித் திருகியிருக்கவும் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி நின்றால், கட்டாத குப்பி அதே வேகத்தில் பறக்கும். 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. ஸ்போர்ட்ஸ் கார் 135 கிலோமீட்டர் வேகத்தில் போனால்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 72 மீட்டர் வரும். 1987இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது அதே 72 மீட்டர். கோபுர உச்சியிலிருந்து இரண்டு கிலோ இரும்புக் குப்பி தலையில் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

திருச்சி வெயிலையும் மறக்கக் கூடாது. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 60 டிகிரியைத் தாண்டிவிடும். வாசனைத் திரவியக் குப்பி போன்ற சிறு தெளிப்பான்கள் பலவற்றில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். வாங்கும்போது வெப்ப அளவைப் படித்து வாங்குங்கள். ஓட்டத்தின் அதிர்வில் தூள் அடியில் இறுகிப்போவதும் உண்டு. மாதம் ஒரு முறை, அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். உள்ளே தூள் சரிவது கைக்குத் தெரிய வேண்டும்.