வாசலில் கியர் பாக்ஸ் இறக்கும் முன்… முதலில் முட்டு!



குழுக் கடனில் 'குட்டி யானை' வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. 2005-ம் ஆண்டு வந்த டாடா ஏஸ் வண்டியைத்தான் அப்படிச் சொல்கிறோம். மேடு ஏறும்போது இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல, கருகின வாடை வருது என்றால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். பிளேட் சின்னதுதான். ஆனால் அது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. அடுக்குப் பானையில் அடிப்பானையை எடுக்க மேல்பானையை இறக்குவது போல, கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பெரிய பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்த லிப்ட் இருக்கும். நம்ம ஊரில் மெக்கானிக் வாசலுக்கே வந்து பார்ப்பார். வீட்டு ஆம்பளைங்களும் கூடவே அடியில் படுப்பாங்க. அது தப்பில்லை. ஆனால் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மழை பெய்த மண்ணில் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். முட்டு கொடுக்கவில்லை. டீ குடிக்க எல்லோரும் எழுந்து வந்த நேரம், ஜாக்கி மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. வண்டி தொப்பென்று உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் முன்னால் நடந்திருந்தால்? நினைக்கவே பயமா இருக்கு.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. வெறும் வண்டியே முக்கால் டன்னுக்கு மேல் இருக்கும்.

அடியில் போகும் முன் நாம் பார்க்க வேண்டியது

1. தரை சமமாக, கெட்டியாக இருக்கணும். சிமெண்ட் தளம் நல்லது.

2. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கணும். "கியரில் போட்டாச்சு, நகராது" என்பார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்டைக் கழற்றிய பிறகு கியர் வண்டியைப் பிடிக்காது.

3. சேஸிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைக்கணும். செங்கல், ஹாலோபிளாக் கல் கூடவே கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

4. ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைக் கையால் ஆட்டிப் பார்க்கணும். அசைந்தால் மறுபடி வைக்கணும்.

5. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றணும். ஸ்டார்ட்டர் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

இறக்கும்போது

முதலில் கியர் ஆயிலைச் சட்டியில் பிடிக்க வேண்டும். வாய்க்காலில் ஊற்றக் கூடாது. ஷாப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் அடையாளக் கோடு போட வேண்டும். மாறிப் பூட்டினால் வண்டி அதிரும். போல்ட்டுகளை இடம் வாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். இந்த வேலையை நாமே செய்யலாம்.

கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுத்தால் இன்ஜினின் பின்பக்கம் தொங்கும். அதற்கும் பலகை வைத்துத் தனி முட்டு வேண்டும். கியர் பாக்ஸை நெஞ்சின் மேல் தாங்கி இறக்குவது வீரம் இல்லை. இன்னொரு ஜாக்கியில் பலகை வைத்து, கயிற்றால் கட்டி, நேராகப் பின்னால் இழுத்து, மெதுவாக இறக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிளேட்டில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

திரும்பப் பூட்டும்போது

பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள். பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் கொஞ்ச நாளில் போனால் மறுபடி இதே கூலி.

புது பிளேட் நடுவில் சரியாக உட்கார்ந்தால் கியர் பாக்ஸ் இடைவெளி இல்லாமல் கையாலேயே சேரும். சேரவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்கக் கூடாது. கூடு விரிசல் விடும். வெளியே எடுத்து, பிளேட்டை நடுப்படுத்தி மறுபடி ஏற்றணும். கடைசியில் புது கியர் ஆயில் ஊற்ற மறக்காதீர்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் கியர் பாக்ஸே போய்விடும். முதலில் சரக்கு இல்லாமல் ஓட்டிப் பார்த்து, மறுநாள் காலை அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பாகத்தையும் பில்லையும் வாங்கி வையுங்கள்.

"பொம்பளைக்கு வண்டி வேலையில என்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால் கவலைப்படாதீர்கள். கடன் நம் பேரில் இருக்கு. முட்டு வைக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கு. வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கிப் பொதுவில் வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடுங்கள்.

தவணை ஒரு மாதம் பிந்தினால் குழுவில் பேசிச் சரி செய்யலாம். போன உயிரை எந்தக் குழுவாலும் மீட்க முடியாது.