கடற்கரைக்குக் கிளம்புமுன் கேமராவைப் பாருங்கள்; அதை மட்டும் நம்பாதீர்கள்

சனிக்கிழமை காலை ஏழு மணி. டுரியான் துங்காலில் ஒரு வீடு. அம்மா புளிச்சாதமும் நெத்திலி சம்பலும் கட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் நேற்றிரவே மாற்றுத் துணியைப் பையில் அடுக்கிவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. எல்லோரும் சேர்ந்து தஞ்சோங் பிடாரா கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

பத்து மணிக்கு வரவேண்டிய சித்தப்பா, நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி ஒரு மணிக்கு வந்து சேர்கிறார். கடற்கரையை அடையும்போது மணி மூன்று. தண்ணீர் வெகுதூரம் வற்றிக் கிடக்கிறது. வானம் கறுத்துவிட்டது. சாப்பாட்டைக் காருக்குள்ளேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இப்படி வீணாய்ப் போன விடுமுறை பல குடும்பங்களில் உண்டு. இதைத் தவிர்க்க முடியுமா? பெரும்பாலும் முடியும். கையில் இருக்கும் தொலைபேசியிலேயே அதற்கான வசதி இருக்கிறது. ஆனால் எதை, எப்போது, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காப்பிப் பானையில் தொடங்கிய கதை

இணையக் கேமராவின் தொடக்கம் வேடிக்கையானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் ஒரே ஒரு காப்பிப் பானை இருந்தது. தூரத்து அறையிலிருந்து நடந்து வந்தவர்கள் பானை காலியாக இருப்பதைக் கண்டு ஏமாந்து திரும்பினார்கள். 1991இல் அந்தப் பானையை நோக்கி ஒரு கேமராவை வைத்து, படத்தைத் தங்கள் கணினியிலேயே பார்த்துக்கொண்டார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. 2001இல்தான் அந்தக் கேமரா நிறுத்தப்பட்டது.

போய் ஏமாறுவதைவிட, இருந்த இடத்திலேயே பார்த்துவிட்டுப் போவது மேல் என்பதுதான் இதன் கருத்து. அன்று காப்பிக்கு, இன்று சாலைக்கும் கடலுக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளின் சாலைப் படங்களை இணையத்தில் தருகிறது. அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதவர்கள் பலர்.

சாலைப் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

நம் நாட்டில் மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தின் இணையத்தளத்தில் டோல் நெடுஞ்சாலைகளின் கேமராப் படங்களைக் காணலாம். பார்ப்பதற்குச் சில முறைகள் உண்டு.

முதலில், படத்தில் உள்ள நேரத்தைக் கவனியுங்கள். படம் உறைந்து நின்றிருந்தால், காலியான சாலையைக் கண்டு ஏமாந்துவிடுவோம்.

இரண்டாவது, திசை. சிவப்பு விளக்குகள் தெரிந்தால் வண்டிகள் கேமராவைவிட்டு விலகிப் போகின்றன. வெள்ளை விளக்குகள் தெரிந்தால் எதிரே வருகின்றன. எது உங்கள் பக்கம் என்று பாருங்கள். தென்பகுதி நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் எண் ஜொகூர் பாருவில் தொடங்கி, கோலாலம்பூரை நோக்கிக் கூடிக்கொண்டே போகும். எண் பெரிதானால் தலைநகருக்கு அருகில் என்று பொருள்.

மூன்றாவது, ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அதே லாரி அதே இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம், நெரிசல்தான். வண்டிகள் நிறைய இருந்தாலும் இடம் மாறிக்கொண்டிருந்தால் கவலையில்லை.

மேலே சொன்ன சித்தப்பா கதைக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து வருபவருக்குச் சிம்பாங் அம்பாட் வெளியேற்றம் முதலில் வரும். ஆயர் குரோ அதற்குப் பிறகுதான். ஆயர் குரோ பக்கம் நெரிசல் என்று தெரிந்தால், அவர் சிம்பாங் அம்பாட்டிலேயே இறங்கி அலோர் காஜா, மஸ்ஜித் தானா வழியாக நேரே கடற்கரைக்குப் போய்விடலாம். டுரியான் துங்கால் குடும்பம் அங்கே போய் அவரைச் சந்திக்கலாம். வீட்டில் கூடித்தான் கிளம்ப வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் போதும், பாதி நெரிசல் குறையும்.

கேமரா காட்டாதவை

ஒன்றை மறக்கக்கூடாது. கேமரா இந்த நிமிடத்தைத்தான் காட்டும். நம் பயணமோ இரண்டு மணி நேரம் கழித்து. ஏழு மணிக்குக் காலியாக இருக்கும் சாலை ஒன்பது மணிக்கு நிரம்பிவிடும். அதனால் முந்திய சனிக்கிழமையே அதே நேரத்தில் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. பெருநாள் காலங்களில் பிளஸ் நிறுவனம் எந்த நாளில், எந்த நேரத்தில் கிளம்பலாம் என்று முன்கூட்டியே ஆலோசனை வெளியிடுகிறது. இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டது. முன்பு வெள்ளி, சனியில் விடுமுறை எடுத்தவர்களும் இப்போது நம்மோடு சேர்ந்து ஞாயிறு மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

அடுத்து, இந்தக் கேமராக்கள் டோல் சாலைகளில்தான் நிற்கின்றன. மஸ்ஜித் தானா பட்டணத்தையும் கடற்கரைக்குப் போகும் சிறிய சாலையையும் அவை காட்டா. அங்கே கூகுள் வரைபடம், வேஸ் போன்ற செயலிகள் உதவும். சாலையில் போவோரின் தொலைபேசிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதைக் கணக்கிட்டுத்தான் அவை சிவப்புக் கோடு போடுகின்றன. வண்டி குறைந்த உள்சாலையில் அந்தக் கணக்கு சில நேரம் தவறலாம்.

கடலைக் காட்டும் கேமராக்கள் அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன வெளிநாட்டுக் கடற்கரைகளில் அதிகம். நம் மலாக்கா நீரிணையில் அப்படிப்பட்ட பெரிய அலை இல்லை. ஆகவே நமக்குக் கைகொடுப்பது அட்டவணைதான். இங்கே நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியும் இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். சரியான நேரத்தைத் தேசிய நீர்வரைவியல் மையத்தின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

வற்றிய கடலில் பிள்ளைகள் வெகுதூரம் நடந்து போய்விடுவார்கள். திரும்பி ஏறும் தண்ணீர் சத்தம் போடாமல் வரும். பள்ளமான இடங்கள் முதலில் நிரம்பிவிடும். ஆபத்து அங்கேதான்.

வானிலையும் அப்படித்தான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று பலத்த காற்றும் இடிமழையும் வரும். பெரும்பாலும் விடியற்காலையிலிருந்து நண்பகலுக்குள் அது வீசும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ராடார் படத்தில் நீரிணையின் மேல் மழைப்பட்டை நகர்ந்து வருவது தெரியும். அது தெரிந்தால் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்புவதில் நட்டமில்லை. இதே துறை, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அமைத்த எச்சரிக்கை ஏற்பாட்டில் கடலோரக் கேமராக்களையும் சேர்த்தது. ஆபத்து நேரத்தில் துறை அறிவிப்பதைக் கேட்டு நடப்பதே நம் வேலை. கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று உள்வாங்கினால் அதை வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுப் பகுதிக்குப் போய்விட வேண்டும்.

வரிசை இதுதான்

முதல் நாள் இரவு கடல் ஏற்றத்தின் நேரத்தையும் வானிலையையும் பாருங்கள். காலையில் ராடார் படம். கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன் சாலைப் படம், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. வழியில் பார்ப்பதாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது. சட்டப்படியும் அது குற்றம்.

கடற்கரையை அடைந்ததும் சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு 999 எண்ணை அழைக்கலாம் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அதன்பின் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சாலையைப் பார்க்க ஆயிரம் கேமரா இருக்கலாம். தண்ணீரில் விளையாடும் பிள்ளையைப் பார்க்க அப்பா, அம்மாவின் கண்தான் இருக்கிறது. இன்று யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று பெரியவர்களுக்குள் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 'அவர் பார்ப்பார்' என்று எல்லோரும் நினைத்தால், அங்கே யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.