மலிவு ரேமை விரட்டலாமா, வேகமான ரேமை வாங்கலாமா?

கணினிக் கடையில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, பச்சைப் பலகையில் கறுப்புச் சில்லுகள் ஒட்டிய மொட்டை ரேம். மேலே 2666 என்று இருக்கும். மற்றது, அலுமினியச் சட்டை போட்டு 3200, 3600 என்று மார்தட்டும், விலையும் கூடுதல். மொட்டையை வாங்கிவந்து பயாஸில் எண்ணை மாற்றி 3200-இல் ஓட்டினால் என்ன? இதைத்தான் ஓவர்கிளாக் என்கிறார்கள். பல சமயம் ஓடவும் ஓடும்.

காரணம் தொழிற்சாலையில் இருக்கிறது. உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். ஒரே சிலிக்கான் தட்டில் பிறந்த சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. மாம்பழ மண்டியில் கூடை கூடையாகத் தரம் பிரிப்பதுபோல், சோதித்துப் பிரித்துத்தான் விற்கிறார்கள். மலிவு ரகத்துக்குக் கிராக்கி அதிகமானால் நல்ல பழமும் அந்தக் கூடைக்குள் விழும். உங்கள் கைக்கு வந்தது எந்தப் பழம் என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சில்லுக்குள் நடப்பது இன்னும் வேடிக்கை. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி: ஒரு பிட் தகவலுக்கு அவ்வளவுதான். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் இன்றுவரை தொடர்கிறது. அந்த மின்தேக்கி ஓர் ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் டிடிஆர்4-இல் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி விநாடிக்குள் மறுபடி நிரப்பியாக வேண்டும். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்க்கவும் சிறிது நேரம் பிடிக்கும். ஓவர்கிளாக் செய்வது, பார்த்து முடிப்பதற்குள் பதில் சொல்லச் சொல்லி அவசரப்படுத்துவது.

அந்தத் தாமதத்தைக் குறிப்பதுதான் சி.எல். எண். 2666 என்பது விநாடிக்கு 266 கோடியே 60 லட்சம் முறை தரவு கைமாறுகிறது என்று பொருள். கடைக்காரர் மெகாஹெர்ட்ஸ் என்பார், உண்மையான துடிப்பு அதில் பாதி. சி.எல். 19 உள்ள 2666 ரேம் முதல் பதிலைத் தர சுமார் 14.25 நானோ விநாடி எடுக்கும். சி.எல். 22 உள்ள 3200 எடுப்பது 13.75. பெரிய மாற்றமில்லை. சி.எல். 16 உள்ள 3200-தான் 10 நானோ விநாடிக்கு இறங்குகிறது. ஆகவே, 3200 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர் பாதி விவரத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

இன்னொரு விஷயத்தையும் விளம்பரம் உரக்கச் சொல்வதில்லை. டிடிஆர்4-க்கு வகுக்கப்பட்ட மின்னழுத்தம் 1.2 வோல்ட். அந்த சி.எல். 16 ரேம் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில்தான் அந்த வேகத்தைத் தொடும். அதாவது, அதுவும் ஓவர்கிளாக் செய்த ரேம்தான்! தயாரிப்பாளரே சோதித்து, பொறுப்பேற்று, அமைப்புகளை எக்ஸ்எம்பி என்ற பெயரில் ரேமுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார். கூடுதல் விலை அந்தச் சோதனைக்கும் உத்தரவாதத்துக்கும்தான்.

அந்தச் சோதனையை நாமே செய்தால்? 2666-ஐ 2933 ஆக்கிச் சேமிக்கிறீர்கள், விண்டோஸ் வருகிறது. 3200 ஆக்குகிறீர்கள், மின்விசிறி சுழல்கிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. பயப்பட வேண்டாம். பெரும்பாலான மதர்போர்டுகள் சில முறை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்கே திரும்பும். அடம்பிடித்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்ட வேண்டும்.

திரை வராத ரேமைவிட ஆபத்தானது, திரை வந்துவிட்டுப் பொய் சொல்லும் ரேம். கோடிக்கணக்கான பிட்களில் எங்கோ ஒன்று புரண்டால் கணினி நிற்காது. சேமித்த படமோ கணக்கேடோ சத்தமில்லாமல் கெடும். அதனால்தான் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடச் சொல்கிறார்கள். காலையில் திரையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. புதிதாகக் கணினி சேர்ப்பவர், விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் சி.எல். 16 ஜோடியையே வாங்கலாம். ஓர் இரவுத் தூக்கம் மிச்சம். கையில் ஏற்கெனவே மலிவு ரேம் இருந்தால் புதிது வாங்க வேண்டாம், முயன்று பாருங்கள். ஆனால் போர்டு இடம்கொடுக்க வேண்டும்: இன்டெல்லின் எச்410, பி460 போர்டுகள் விடாது, 2021-இல் வந்த பி560 விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் விளையாடுபவருக்குப் பலன் தெரியும்; தட்டச்சு செய்பவருக்குத் தெரியாது. அலுவலகக் கணக்கு எழுதும் கணினியில் கைவைக்கவே வேண்டாம். ஒற்றை ரேமோடு இருப்பவர், அதே ரகத்தில் இன்னொன்றை இரட்டைத் தடத்தில் சேர்த்தாலே தரவுப் பாதை இரு மடங்காகும்; எந்த ஓவர்கிளாக்கும் அவ்வளவு தராது.

எதற்கும் முன், டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். எக்ஸ்எம்பியை இயக்காமல் விட்டதால், 3200 என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம் இன்னும் 2133-இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.