பழைய நோட்டுக்கு என்ன விலை?

பீரோவின் அடித்தட்டிலோ, மாமியாரின் டிரங்குப் பெட்டியிலோ பழைய ரூபாய் நோட்டு நாலைந்து இல்லாத வீடு அபூர்வம். "இதுக்கு இப்ப என்ன விலை கிடைக்கும்?" என்ற கேள்வியும் கூடவே வரும். பல வருஷங்களாக நோட்டுச் சேர்ப்பவள் நான். தோழிகளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பழசு என்பதாலேயே எந்த நோட்டுக்கும் விலை வந்துவிடாது. எத்தனை நோட்டு மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், நோட்டு எந்த நிலையில் இருக்கிறது - இந்த மூன்றும்தான் விலையை நிர்ணயிக்கின்றன.

மலேயாவிலிருந்து திரும்பிய நம் குடும்பங்கள் சிலவற்றில், யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் வெளியிட்ட நோட்டு இருக்கும். 10 டாலர் நோட்டில் வாழை மரம் போட்டிருக்கும். கணக்கில்லாமல் அச்சடித்தார்கள், 1945-ல் யுத்தம் முடிந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. வயது 80 ஆனாலும் ஏராளமாகக் கிடைப்பதால் விலை சொற்பம்தான். வரிசை எண் அச்சிட்ட ஆரம்ப கால நோட்டுகளுக்கு மட்டும் மதிப்புக் கொஞ்சம் கூடுதல்.

இதற்கு நேர்மாறு, 2 ரூபாய் 8 அணா நோட்டு! முதல் உலக யுத்தத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1917 நவம்பரில் 1 ரூபாய் நோட்டு வந்தது. அதையடுத்து வந்தது இது. 1926-லேயே நிறுத்திவிட்டார்கள். இன்று தப்பிப் பிழைத்திருப்பவை மிகக் குறைவு. கண்ணில் பட்டால் பத்திரம்!

எதைப் பார்க்க வேண்டும்?

கையெழுத்தைப் பாருங்கள். 1 ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு. அதில் நிதித் துறைச் செயலாளர் கையெழுத்திடுவார். மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து. டாக்டர் மன்மோகன் சிங் இரண்டு பதவியிலும் இருந்ததால் அவர் கையெழுத்து இரண்டு வகையிலும் உண்டு. 2005-க்கு முந்தைய ரிசர்வ் வங்கி நோட்டுகளில் அச்சிட்ட வருஷம் இராது. கையெழுத்தை வைத்துத்தான் காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1970-ல் பி.என். அதார்க்கர் சுமார் 6 வாரமே கவர்னராக இருந்தார். காந்தி நூற்றாண்டு நோட்டில் அவர் கையெழுத்து இருந்தால் சேகரிப்பவர்கள் தனியாக எடுத்து வைப்பார்கள்.

பிறகு எண்ணைப் பாருங்கள். 111111 போல ஒரே இலக்கம், 786-ல் முடியும் எண், இவற்றுக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 2006 முதல், பழுதான நோட்டுக்குப் பதிலாகச் சேர்க்கும் நோட்டில் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் போடுகிறார்கள். அச்சுப் பிழை, எண் விட்டுப்போனது, மடிந்து கோணலாக வெட்டுப்பட்டது ஆகியவற்றுக்கும் தேவை இருக்கிறது.

சட்டப்படி செல்லாத நோட்டுக்கும் மதிப்பு இருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட 1000 ரூபாய் நோட்டு 1978 ஜனவரியில் செல்லாததானது. சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

கை வைக்காதீர்கள்!

நமக்கு எதையும் பளிச்சென்று வைத்துத்தான் பழக்கம். நோட்டு விஷயத்தில் அது கூடாது. சோப்புத் தண்ணீரில் அலசுவது, இஸ்திரி போடுவது, கிழிசலுக்கு டேப் ஒட்டுவது, லாமினேஷன் செய்வது எல்லாமே மதிப்பைக் குறைக்கும். மடிப்பே விழாத நோட்டுக்கும் கசங்கிய நோட்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஈரமில்லாத கையால் ஓரத்தைப் பிடித்து, பி.வி.சி. கலக்காத உறையில் போட்டு, புத்தகம்போல் தட்டையாக வையுங்கள். வேப்பிலையை நோட்டோடு சேர்த்து வைத்தால் கறை பிடிக்கும்.

2016 நவம்பர் 8-ல் செல்லாதவையான 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. 2017-ல் வந்த சட்டப்படி ஒருவர் மொத்தம் 10 நோட்டுக்கு மேல் வைத்திருப்பது குற்றம். ஆராய்ச்சிக்காகவோ சேகரிப்புக்காகவோ என்றால் 25 வரை வைத்துக்கொள்ளலாம்.

ஆசை காட்டும் அழைப்புகள்

சென்ற வருஷம் பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். "அக்கா, இந்த 1 ரூபாய் நோட்டுக்கு 5 லட்சம் தர்றாங்களாம். முதல்ல வரி 8,500 ரூபாய் கட்டணுமாம். வளையலை அடகு வைக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றாள். கைபேசியில் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் வேறு!

நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைப் படம் போட்டது. நாலாக மடித்த தடம். எங்கும் கிடைக்கக்கூடியது.

"விக்கிறது நீ. வாங்குறவன்தானே உனக்குப் பணம் தரணும்? நீ எதுக்கு அவனுக்குத் தரணும்?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். "அவருகிட்டகூட இன்னும் சொல்லலை அக்கா" என்றவள், அங்கேயே அந்த எண்ணை அழித்தாள்.

ரிசர்வ் வங்கி பழைய நோட்டு வியாபாரம் செய்வதில்லை. அதற்காகக் கமிஷனோ கட்டணமோ கேட்பதுமில்லை. 2021 ஆகஸ்டிலேயே இதைப் பகிரங்கமாக அறிவித்திருக்கிறார்கள். விற்க விரும்பினால் நாணயக் கண்காட்சிக்குப் போய், இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டி விலை கேளுங்கள். அதே நோட்டு ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்றும் விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை விற்ற விலை ஆகாது.

விலை தேறாத நோட்டானாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, உறைக்குப் பக்கத்தில் வையுங்கள். கேட்டுச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.