புதிய கணினி, அறுந்து போகும் வைஃபை: தீவக வீடுகளில் கோளாறை எங்கே தேடுவது?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு மைக்ரோசொஃப்ட் நீட்டிக்கொடுத்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 ஒக்டோபர் 13உடன் நிற்கின்றன. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதுமான கணினிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு வீடுகளிலும் பழையது போய்ப் புதிய டெஸ்க்டொப் வருகிறது. அதைத் தொடர்ந்து வாசகர்கள் எழுதும் முறைப்பாட்டில் மூன்று விவரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. யாழ்ப்பாணத்துக் கடையில் ஓடிய வைஃபை வீட்டில் அறுந்து அறுந்து வருகிறது. அதே அறையில் கைத்தொலைபேசிக்கு அந்தச் சிக்கல் இல்லை. திரையின் மூலையில் சிக்னல் கோடுகளோ முழுதாக நிற்கின்றன. கோளாறை ரவுட்டரிலோ டவரிலோ தேடுவதற்கு முன், இந்த மூன்றும் சுட்டுவது கணினியையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கும் முன் பாதையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டவரில் இருந்து 4ஜி ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரில் இருந்து கணினி வரை இன்னொன்று. வைஃபை என்பது இரண்டாவது மட்டுமே. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையோடு ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் (192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) பதில் வர எடுக்கும் நேரம் மில்லிசெக்கனில் தெரியும். நான்கு பதில்களோடு அது நின்றுவிடும். மேல் அம்புக்குறியை அழுத்தி மீண்டும் ஓடவிடலாம். ரவுட்டர் ஒற்றை இலக்கத்தில் பதில் தந்துகொண்டிருக்க, 8.8.8.8 என்ற வெளி முகவரி மட்டும் தடுமாறினால் கோளாறு டவர்ப் பக்கம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் அடியார்களின் கைத்தொலைபேசிகள் அத்தனையும் அதே டவர்களைத்தான் நாடும். அப்போது கணினியைத் திறந்து பார்ப்பது வீண். ரவுட்டரின் பதிலே நூற்றுக்கணக்கில் ஏறினால், அல்லது இடையிடையே வராமல் போனால், சிக்கல் வீட்டுக்குள். கைத்தொலைபேசி சொல்லும் சாட்சியையும் அதன் மொபைல் டேட்டாவை நிறுத்திய பிறகே நம்பலாம். இல்லாவிட்டால் வைஃபை விட்ட இடத்தை அது டேட்டாவால் நிரப்பிவிடும்.

அடுத்தது அன்ரனா. வைஃபை உள்ள மதர்போர்ட் என்றால் பெட்டியின் பின்பக்கத்தில் பொன்னிறப் புரியோடு இரண்டு சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் திருக வேண்டிய அன்ரனாக்கள் மதர்போர்ட் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கும். கணினியைப் பொருத்திக் கொடுக்கும்போது அந்த அட்டைப்பெட்டி கடையிலேயே தங்கிவிடுவது உண்டு. அன்ரனா இல்லாமலும் வைஃபை ஓரளவு வேலை செய்யும். ஓரிரு மீற்றரில் ரவுட்டர் இருக்கும் கடையில் எந்தக் குறையும் தெரியாது. வீட்டில் இரண்டு சுவர் தாண்டினால் தெரியும். ஒன்றை மட்டும் திருகுவதும் போதாது. பல வைஃபை அட்டைகளில் புளூடூத்தும் அதே அன்ரனாக்களில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. பொருத்திய பிறகும் கணினி மேசைக்கடியில், பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தால், சிக்னல் ஓர் இரும்புப் பெட்டியைச் சுற்றித்தான் வர வேண்டும். கேபிளோடு வரும் அன்ரனா என்றால் அதை மேசைக்கு மேலே எடுத்து வைக்கலாம்.

வைஃபைக்கு யூஎஸ்பி டொங்கிள் பாவிக்கும் வீடுகளில் நடப்பதுதான் இந்த விடயம் முழுவதிலும் அதிகம் மறைந்து கிடப்பது. டொங்கிள் முன்பக்க நீலத் துறையில் செருகப்படுகிறது. பழைய கணினியில் இருந்த படங்களையும் ஆவணங்களையும் மாற்றுவதற்கு வெளி ஹார்ட் டிஸ்க் பக்கத்துத் துறையில் ஏறுகிறது. வைஃபை அறுவதும் அப்போதுதான். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் தானே வெளியிட்ட ஒரு தொழில்நுட்ப அறிக்கை இதை அளந்து காட்டியது. நீல நிறமுள்ள யூஎஸ்பி 3.0 துறை செக்கனுக்கு 500 கோடி பிட் வேகத்தில் ஓடுகிறது. பிட்டுகள் ஒன்று, சுழியம், ஒன்று, சுழியம் என மாறி மாறிப் போகும்போது இரண்டு பிட்டுக்கு ஓர் அலை. ஆக, செக்கனுக்கு 250 கோடி அலை, அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். வைஃபையின் பழைய அலைவரிசை 2.4இல் தொடங்கி 2.4835 கிகாஹெர்ட்ஸில் முடிகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். அனுப்பும் பிட்டுகள் வேண்டுமென்றே கலைத்து அனுப்பப்படுவதால் இரைச்சல் ஒரு புள்ளியில் நிற்காமல் பரப்பு முழுவதும் படர்கிறது. ரவுட்டரில் சனலை 1இலிருந்து 11க்கு மாற்றினாலும் அது அங்கேயும் இருக்கும். செருகும் முனையிலோ கேபிளிலோ உலோகக் கவசம் சரியில்லாவிட்டால் அந்த இரைச்சல் வெளியே கசிகிறது. வடிகட்டி ஒன்றைப் போட்டு அதை அகற்றவும் முடியாது. அந்த அலைகள் தரவோடு ஒட்டிவந்த குப்பை அல்ல. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் தரவே அந்த அலைகளில்தான் இருக்கிறது.

அறிக்கையின் அளவீட்டில், துறையில் ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது 2.4 பரப்பின் இரைச்சல் 20 டெசிபெல் அளவுக்கு உயர்ந்தது. 20 டெசிபெல் என்றால் ஆற்றலில் நூறு மடங்கு. வெட்டவெளியில் தூரம் பத்து மடங்காகும்போது சிக்னல் இழப்பதும் இதே 20 டெசிபெல். விறாந்தையில் 5 மீற்றரில் இருந்த ரவுட்டரை வளவுக்கு வெளியே 50 மீற்றர் தள்ளி வைத்ததற்கு இது சமம்.

சிக்னல் கோடுகள் இதைச் சொல்லாததுதான் கவலைக்குரியது. கோடுகள் காட்டுவது ரவுட்டரின் குரல் எவ்வளவு உரத்து வந்து சேர்கிறது என்பதை மட்டும். அந்தக் குரல் புரிகிறதா என்பதைத் தீர்மானிப்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான வித்தியாசம். சிக்னல் மைனஸ் 65, இரைச்சல் மைனஸ் 95 என்றால் இடைவெளி 30 டெசிபெல். காணொளி தடையின்றி ஓடும். இரைச்சல் மைனஸ் 75க்கு ஏறினால் இடைவெளி 10ஆகச் சுருங்கி, பொட்டலங்கள் தொலைந்து, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, கடைசியில் இணைப்பு அறும். சிக்னல் அப்போதும் மைனஸ் 65தான். கோடுகள் அசைவதில்லை. பாவனையாளருக்குத் தெரியும் ஒரே அளவுகோலில் நோய் பதிவாகாததால் பழி ரவுட்டர் மீதும் இணைய நிறுவனம் மீதும் விழுகிறது. அங்கிருந்து வருகிறவர்களும் அதே கோடுகளைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சோதிப்பது எளிது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரவுட்டருக்குப் பிங் ஓட விட வேண்டும். பிறகு அதைச் செருகி, ஒரு பெரிய கோப்பைப் பிரதிசெய்தபடியே மீண்டும் ஓட விட வேண்டும். இரண்டாம் முறை எண்கள் தாறுமாறானால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. தீர்வும் மலிவு: டொங்கிளை ஒரு மீற்றர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் போட்டு, பெட்டியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்து விலக்கி வைப்பது. அண்மையில் கடுமையாக இருக்கும் இந்த இரைச்சல் தூரத்தோடு வேகமாகக் குறைந்துவிடும். யூஎஸ்பி 3 வகை டொங்கிள் என்றால் தானே அந்த இரைச்சலை எழுப்பக்கூடியது என்பதால், அதைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 துறைக்கு இறக்குவது இரட்டிப்பு நன்மை. வேகம் போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. அந்தத் துறையின் எல்லை 480 மெகாபிட். தீவுக்கு வரும் 4ஜி இணைப்பு அதற்கு வெகு கீழே நிற்கும். சில உற்பத்தியாளர்கள் டொங்கிளோடு ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளையும் வைக்கிறார்கள். எதற்கு என்று சொல்லாமல் வைப்பதால் அது மேசை லாச்சிக்குள் போய்விடுகிறது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவது இன்னொரு வழி, யூஎஸ்பி 3.0இன் இரைச்சல் அங்கே பெரிதாக எட்டுவதில்லை. ஆனால் செக்கனுக்கு 1,000 கோடி பிட் ஓடும் புதிய துறைகளுக்கு அதே கணக்கைப் போட்டால் விடை 5 கிகாஹெர்ட்ஸ் என்றே வருகிறது. அதனால் அங்கேயும் விலக்கி வைக்கும் பழக்கம் வேண்டும்.

டொங்கிள் வரும் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏசி1200 என்பது 2.4 அலைவரிசையின் 300ஐயும் 5 அலைவரிசையின் 867ஐயும் கூட்டி, வரும் 1,167ஐ மேல்நோக்கி முழுமையாக்கிய தொகை. ஏஎக்ஸ்1800 என்பது 574உம் 1,201உம். டொங்கிள் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணைகிறது. ஆகவே அந்தக் கூட்டுத்தொகை எந்த வீட்டிலும் எந்த நேரத்திலும் கிடைக்காது. ஒவ்வொரு தனி எண்ணும்கூட வானொலி இணைப்பின் உச்சம். தரவு அதில் ஏறக்குறையப் பாதிதான்.

இனிச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் 2.4ஐ விடப் பலவீனமானது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு தடிப்பாகக் கட்டிய பழைய வீடுகளில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். தகரக் கதவும் இரும்பு அலுமாரியும் இரண்டையுமே தடுக்கும். தீவக வீடுகளுக்கு இங்கே தனியான ஓர் இக்கட்டு உண்டு. 4ஜி ரவுட்டரை டவர் இருக்கும் திசையின் யன்னலில் வைத்தால்தான் வெளிப்பாதை கிடைக்கும்; கணினியோ உள்ளறையில். ரவுட்டரை வீட்டின் நடுவில் வைக்கச் சொல்லும் வழமையான ஆலோசனை நார் இழை இணைப்புள்ள நகர வீட்டுக்குப் பொருந்தும், நெடுந்தீவு வீட்டுக்குப் பொருந்தாது. அயல் வீட்டு ரவுட்டர்களின் நெரிசலுக்காகச் சனல் மாற்றச் சொல்வதும் கொழும்பு மாடிக் குடியிருப்புக்கு உரிய மருந்து. வளவுகள் விலகி இருக்கும் ஊரில் அதனால் பலன் குறைவு. யன்னலில் இருக்கும் ரவுட்டரில் இருந்து கணினிக்கு நேரே வலையமைப்புக் கேபிள் இழுப்பதே இந்த இக்கட்டுக்கு உறுதியான தீர்வு. 100 மீற்றர் வரை அது தாங்கும், டெஸ்க்டொப்போ இடம்பெயர்வதில்லை. கேபிள் இழுக்க வழியுள்ள வீட்டில் டொங்கிளுக்கும் அன்ரனாவுக்கும் செலவழிப்பது வீண்.

அடுத்து மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை. சூரிய, காற்று மின்சாரத்தைச் சேர்த்துத் தரும் கலப்புத் திட்டத்துக்கு இந்திய நன்கொடையோடு 2024 மார்ச் 1இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒப்பந்தம் ஒரு ரவுட்டரையும் அணையாமல் வைத்திருக்காது. கணினி யூபிஎஸ்ஸில் இருக்க, ரவுட்டர் நேரே சுவர்ப் பிளக்கில் இருக்கும் வீடுகளில், ஒரு நொடி மின்னழுத்தம் தாழ்ந்தாலும் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும். கணினி ஓடிக்கொண்டே இருப்பதால் வைஃபை தானாக அறுந்ததுபோலத் தோன்றும். ரவுட்டர் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அதையும் அதே யூபிஎஸ்ஸில் செருகிவிடலாம்.

மென்பொருளில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கருவி நிர்வாகியில் வைஃபை அட்டையின் பண்புகளுக்குள், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற அனுமதி இருந்தால் அதை நீக்க வேண்டும். டிரைவரை மதர்போர்ட் அல்லது டொங்கிள் உற்பத்தியாளரின் தளத்தில் இருந்தே இறக்க வேண்டும்.

மீதிக் கேள்விகளுக்கு விடை சுருக்கமானது.

டிரைவரை இறக்க இணையமே இல்லையென்றால்? கைத்தொலைபேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைப் பகிரலாம்.

கைத்தொலைபேசிக்குத் தெரியும் வைஃபை பெயர் கணினிக்குத் தெரியாவிட்டால்? ரவுட்டர் 12ஆம் அல்லது 13ஆம் சனலில் இருக்கலாம். 11க்குள் இறக்கினால் தெரியும்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால்? கணினி இரண்டுக்கும் இடையே தாவும்போது இணைப்பு அறலாம். வெவ்வேறு பெயர் வைப்பது நல்லது.

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் இதைத் தீர்க்குமா? அது மாற்றுவது வெளிப்பாதையை. ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும்.

இடிமின்னல் காலத்தில்? கூரை அன்ரனாவோடு இணைந்த ரவுட்டரையும் அதில் இருந்து வரும் கேபிளையும் கழற்றி வைக்க வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் கடைக்குக் கொண்டுபோகலாமா? ஹார்ட் டிஸ்க் இல்லாமலும் இருக்கும்போதும் கிடைத்த பிங் விடைகளைப் படமெடுத்துக்கொண்டு, டொங்கிளை வேறொரு கணினியில் போட்டுப் பார்த்த பிறகே போக வேண்டும். அங்கேயும் அது அறுந்தால் டொங்கிளை மட்டும் கொண்டுபோனால் போதும். பெட்டியைக் குறிகட்டுவான் படகில் ஏற்றத் தேவையில்லை.