என்ஜினீயர் போன பிறகும் தண்ணீர் வர வேண்டும்!

சென்னை மெயிலில் ஊருக்குப் போய் வரும் நம்மவர்களுக்கு சோலாப்பூரைத் தெரியாமல் இருக்காது. சோலாப்பூர் என்றதும் போர்வைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நம் கிராமத்துத் தெருமுனையில் நிற்கிறதே அடிபம்பு, அதற்குத் தாய்வீடு மராட்டிய மாநிலத்தில் உள்ள சோலாப்பூரும் ஜால்னாவும்தான்!

இந்தியா மார்க்-2 என்பது அந்த பம்பின் பெயர். ஏழை ஜனங்களுக்கு என்ஜினீயர்கள் எப்படி உதவலாம், எப்படி உதவக்கூடாது என்ற இரண்டு பாடங்களும் அதன் கதையில் இருக்கின்றன.

உடைந்து நின்ற பம்புகள்

1960-களில் வறட்சி வாட்டியபோது, பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் வந்தன. கிராமம் கிராமமாக ஆழ்குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அவற்றின் மேல் வார்ப்பிரும்பு அடிபம்புகள் பொருத்தப்பட்டன. அரசாங்கமும், ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெப்பும் இதற்காகப் பெரும்பணம் செலவிட்டன.

பலன்? 1970-களின் நடுவில் பார்த்தபோது, பம்புகளில் முக்கால்வாசி வேலை செய்யவில்லை!

காரணம் எளியது. அந்த பம்புகள் மேல்நாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்காரர் தம் குடும்பத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மாதிரியில் செய்தவை. நம் கிராமத்திலோ விடிந்தது முதல் இருட்டும் வரை நூற்றுக்கணக்கானோர் அடிப்பார்கள். வார்ப்பிரும்பு எத்தனை நாள் தாங்கும்? கைப்பிடி ஆணி தேய்ந்தது. பம்பு உடைந்தது. பெண்கள் குடத்தோடு பழையபடி குட்டைக்கே போனார்கள்.

சங்கிலி செய்த மாயம்

ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிராமங்களுக்குக் கிணறு போட்டுக் கொடுத்துவந்த தொண்டு நிறுவனத்தார், உடைந்த பம்புகளைத் தாங்களே பழுது பார்த்தவர்கள். எந்த இடத்தில் உடைகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. வார்ப்பிரும்பை விட்டு எஃகுக்கு மாறினார்கள். கைப்பிடிக்கு ஒரே அச்சு, அதில் பேரிங் வைத்தார்கள். கைப்பிடியையும் உள்ளே இறங்கும் கம்பியையும் சங்கிலியால் இணைத்தார்கள். கம்பி பக்கவாட்டில் இழுபடாமல் நேராக ஏறி இறங்கியது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

யுனிசெப் என்ஜினீயர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. உழைத்துக் காட்டிய இந்த பம்பையே எடுத்துத் திருத்தினார்கள். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில் மாதிரிகள் உருவாயின. தண்ணீர் மிக ஆழத்தில் கிடக்கும் கோவை வட்டாரத்தில் சோதனை நடந்தது. சுமார் 150 அடி ஆழத்திலிருந்தும் ஒரு பெண் சிரமமின்றித் தண்ணீர் இறைக்க முடிந்தது.

1979-ல் இந்தியத் தர அளவு வகுக்கப்பட்டது. யாரும் தனியுரிமை கொண்டாடவில்லை. எந்தப் பட்டறைக்காரரும் அந்த அளவுப்படி செய்யலாம். ஒரு கம்பெனியின் உதிரிபாகம் இன்னொரு கம்பெனி பம்புக்குப் பொருந்தும். பல லட்சம் பம்புகள் நாடெங்கும் நின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயின.

வாஷருக்காகக் காத்திருப்பதா?

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அடியில் உள்ள வாஷர் தேய்ந்தால் குழாய்கள் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலி, வண்டி, ஆட்கள் வேண்டும். சின்ன வாஷருக்காக ஊரே வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது.

1980-களில், அதே கோவை வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு மார்க்-3 வந்தது. இதில் குழாய் அகலமானது. குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை வெளியே எடுத்து வாஷரை மாற்றலாம். உள்ளூர் ஆட்களே செய்து விடலாம். விலை கூடுதல்தான். ஆனால் காத்திருப்பு மிச்சம்.

உத்தரப்பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்துப் பெண்கள் 1990-களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்கள், ஸ்பேனர் பிடித்து அடிபம்பு மெக்கானிக் ஆனார்கள்! தண்ணீர் சுமக்கிறவருக்குத்தானே பம்பு நின்றால் வலி தெரியும்?

நிலத்தடியில் நீர் வேண்டாமா?

எவ்வளவு நல்ல பம்பும் இல்லாத தண்ணீரை இறைக்காது. பாசனத்துக்கு மோட்டார் போட்டு உறிஞ்சியதில் பல இடங்களில் நீர்மட்டம் அடிபம்புக்கு எட்டாமல் இறங்கி விட்டது. ஆகவே மழைநீரை மண்ணுக்குள் இறக்குவதும் என்ஜினீயரின் வேலையே. பம்பைச் சுற்றிச் சிமெண்டுத் தளமும் வடிகாலும் கட்டாவிட்டால் அழுக்கு நீர் கிணற்றுக்குள்ளேயே இறங்கும். அதையும் அவர்தான் கவனிக்க வேண்டும்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கும் இதே கேள்விதான்: மோட்டார் நின்றால் ஊரில் யார் ஓட வைப்பது?

இரவு ஷிப்டும் ஓவர்டைமும் பார்த்துப் பிள்ளைகளை என்ஜினீயரிங் படிக்க வைக்கும் பெற்றோர் நம்மில் பலர். லீவில் ஊருக்குப் போகும்போது அந்தப் பிள்ளைகளை ஊர் அடிபம்பின் முன்னால் நிறுத்துங்கள். எந்த இடத்தில் உடைகிறது, சாமான் எங்கே கிடைக்கும், யார் பழுது பார்ப்பார்கள் என்று தண்ணீர் பிடிக்கும் பெண்களிடமே கேட்கச் சொல்லுங்கள். கல்லூரியில் சொல்லித் தராத பாடம் அது!